கோப்பில் வைத்திருக்கிறோம்

கோட்கா, தொண்ணூற்றிரண்டு மார்ச்.
துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை.
காகித ஆலை அலுவலகத்தில்
வேலை கேட்டு வரும் கடிதங்களைப் பிரிப்பது என் வேலை.
நாளொன்றுக்கு முப்பது. திங்களன்று எழுபது.

நாங்கள் விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை.
யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்போல
அவை வந்தபடி இருந்தன.

‘தங்கள் நிறுவனத்தில் இடம் ஏதேனும் உண்டா என
அறிய விரும்புகிறேன்.’
நூலகத்தில் எல்லாரும்
ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.
மூன்றாம் பத்தியில்தான்
புத்தகம் முடிந்து
ஆள் தொடங்குவார்.

ஒன்னி ரவுத்தியோ:
சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறதென்று
சொல்லிவிடுவேன்.
என் மனைவி இதை நம்புவதில்லை.

சைமி புல்க்கினென்:
ஓட்டுநர் உரிமம் இல்லை.
இரவுப் பணிக்கு உதைசறுக்கு வண்டியில் வந்துவிடுவேன்.
கோடையைப் பற்றிக் கோடையில் யோசிக்கலாம்.

ஒரு பையன்
நீச்சல் சான்றிதழை இணைத்திருந்தான்.

உர்போ லெஹ்திசாரி எழுதியது
வணிகக் கடிதமா வேலைக் கடிதமா என்று
எந்தத் தட்டில் வைப்பதெனத் தெரியாமல்
இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது:
என்னிடம் நாற்பது ஸ்ப்ரூஸ் மரங்கள்,
நானே நட்டவை.
கன மீட்டருக்கு என்ன விலை தருவீர்கள்?
மரத்தோடு ஆளும் தேவைப்படுமா?

எல்லாருக்கும் மூன்று வரி.
தங்கள் கடிதம் கிடைத்தது.
தற்போது காலியிடம் இல்லை.
தங்கள் பெயரைக் கோப்பில் வைத்திருக்கிறோம்.
கணினியில் பெயரை மட்டும் மாற்றுவேன்,
கீழே என் கையெழுத்து: தெல்லெர்வோ கூசெலா.

கோப்பு இருந்தது, பொய்யில்லை.
பச்சை அட்டை, கயிறு கட்டியது.
நடுக்கோடை விடுமுறைக்கு முன்
அதைக் கூழ்த்தொட்டிக்கு அனுப்புவோம்.
சில சமயம் வெறும் தாளை வெளிச்சத்தில் பிடித்து
நீர்க்குறியைத் தாண்டி
ஒன்னியின் மனைவியைத் தேடியிருக்கிறேன்.

உர்போவுக்கு மட்டும்
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
ஆற்றுக்கு மேலே அறுவை ஆலையில் கேளுங்கள்,
ஏப்ரலில் வாங்குவார்கள்.
இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை.

மே மாதம் என் உறை வந்தது.
ஒட்டிய விதத்திலேயே தெரிந்தது,
நானே வாங்கிப்போட்ட பசை.

வீட்டுச் சமையல் மேசையில்
என் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.
எது படிக்கப்படும், எது படிக்கப்படாது என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
இருந்தும் முதல் வரி
அந்தப் புத்தகத்திலிருந்தே வந்தது.
அறிய விரும்புகிறேன்.
மூன்றாம் பத்தி வரவேயில்லை.
பதினெட்டு வருடத்தில் எனக்குத் தெரிந்தது என்ன?
இல்லை என்பதை
மரியாதையாகச் சொல்வது.
அதைத் தகுதி என்று எழுதலாமா?
எழுதினேன். அடித்தேன்.
லஹ்தியில் ஓர் அச்சகத்துக்கு
அடித்தது தெரியவே அனுப்பினேன்.

பதில் எட்டு நாளில் வந்தது.
மூன்று வரி.
கோப்பில் வைத்திருக்கிறார்களாம்.
எந்த மாதம் வரை என்று
கேட்காமலே எனக்குத் தெரியும்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நல்ல தாள்.
பென்சிலை எடுத்தேன்.
உர்போ லெஹ்திசாரி அவர்களுக்கு,
மரங்கள் விலைபோயினவா?
ஆளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்,
பதில் எழுதாமல் விட்டது நான்தான்.
இப்போது எங்கே இருக்கிறீர்கள்?
காரியம் எதுவும் இல்லை.
சும்மா விசாரித்தேன்.